மருந்தாளுநர் புத்தாக்கப் பயிற்சி: உங்கள் மனதில் தங்கிவிட்ட ஒன்று?

குடமுருட்டிக்கரை

பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வகுப்பு வேண்டும் என்பதால்தான் போனேன். தஞ்சாவூர், ஞாயிற்றுக்கிழமை, வரவேற்புரையிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. பதினொரு மணி வாக்கில் ஒரு பேராசிரியை இரண்டு இன்சுலின் ஊசிகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. "வித்தியாசம் சொல்லுங்கள்" என்றார். இதைக்கூடவா கேட்பார்கள் என்று அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசையத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு மூன்று மாதமாக ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்குவதோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான்; ஆரஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு. சிவப்பு மூடி வராத ஒரு வாரத்தில் மொத்த வியாபாரி ஆரஞ்சை அனுப்பிவைத்தார். "இதுவும் இன்சுலின் ஊசிதான் ஐயா" என்று நீட்டினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தெரியாதவனா நான்? தெரியும். கை போன வேகத்துக்குக் கண் போகவில்லை, அவ்வளவுதான்.

நோட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி. அந்தக் குப்பியில் அது வெறும் 8 யூனிட். மருத்துவர் எழுதியது 20. சர்க்கரை இறங்கவில்லை என்று 24 ஆக்கினார், பிறகு 30 ஆக்கினார். 30 கோடு இழுத்தாலும் உடம்புக்குள் போனது 12தான்.

தேநீர் இடைவேளையில் வெளியே வந்து போன் செய்தேன். "இன்று ராத்திரி ஊசியை நான் வந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள் ஐயா." எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சரி தம்பி" என்றார்.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கோதுமை உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே தனியாகப் பொன்னி போட்டு அறுக்கிற மனிதர் அவர். தட்டைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "டாக்டர் சத்தம் போட்டார் தம்பி. ஊசி போட்டும் இறங்கவில்லை என்றால் நான் திருட்டுத்தனமாகச் சோறு தின்கிறேனாம். அதுதான், சோற்றையே விட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது."

"ஊசி மாறிவிட்டது ஐயா" என்றேன். மாறிவிட்டதாம். தானாக எழுந்து நடந்து போய் மாறியதுபோல. 'மாற்றிக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அப்படியா, அதற்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, எனக்குக் காபி போடச் சொன்னார்.

உங்களுக்கும் இப்படி வகுப்பில் ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் எழுதுங்கள். எனக்கு மட்டும்தானா என்று தெரிய வேண்டும்.

மாயூரத்தான்

உங்களுக்காவது பதினொரு மணிக்கு ஏதோ கிடைத்தது. நான் போன வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில், ஆவணி மாதத்தில். கீழே நாதஸ்வரம், மேலே நாங்கள். கெட்டிமேளம் கொட்டும்போதெல்லாம் பேச்சாளர் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. நடுவில் பாதிப் பேர் கடையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் படிக்கட்டு வரை வந்துவிட்டேன், மறைப்பானேன்.

கடைசி வரிசையில் எழுபதைத் தாண்டிய ஒருவர், பள்ளிப் பிள்ளைபோல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கடையை மகனிடம் கொடுத்து எத்தனையோ ஆண்டாகிறதாம். என்னை நிறுத்தி, "தம்பி, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒன்று என்று சீட்டு வந்தால் அட்டையின் மேல் என்ன எழுதிக் கொடுப்பாய்?" என்றார். "வாரம் ஒன்று என்றுதான்" என்றேன். "எந்தக் கிழமை?" என்றார்.

பதில் இல்லை என்னிடம். நாள்தோறும் மாத்திரை விழுங்கிப் பழகியவர்கள் இதையும் அப்படியே விழுங்கிவிடுவார்கள். வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்த பிறகுதான் தெரியும் என்றார். அவர் கடையில் அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்டேன். நோட்டை மூடிவிட்டுக் கீழே சாப்பாடு போடுகிறார்களா என்று விசாரித்தார்.

அன்றிலிருந்து அந்த அட்டையில் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். அதோடு சேர்த்து எழுதித் தரும் ஃபோலிக் அமிலத்துக்கு வேறு கிழமை. இதைச் சொல்லிக் கொடுத்தது வகுப்பு இல்லை, பின்வரிசை. வகுப்புகளால் பயன் என்று யாராவது கட்டுரை எழுத வந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்துக்காரன்

எனக்கு மறக்காதது ஒரு சிரிப்பு.

குளிர்நிலைப் பாதுகாப்பு பற்றிய வகுப்பு. திரையில் 2 முதல் 8 டிகிரி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் எழுந்து, "மூன்று வாரம் மின்சாரம் இல்லையென்றால்?" என்றேன். பேச்சாளர் வெளியூர். "ஜெனரேட்டர் வையுங்கள் சார்" என்று சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அந்த நாலு பேரும் எங்கே இருந்தார்களோ. எங்கள் தெருவில் நின்றிருந்த மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வரிசை, அந்தப் பெட்ரோல் பங்கிற்குப் போகும் சாலையிலோ புளியமரம். குளிர்பெட்டியில் இருந்த இன்சுலின் குப்பிகளை ஒரு சின்னப் பானையில் போட்டு, அதைப் பெரிய பானைக்குள் வைத்து, இடையில் ஈர மணலைத் திணித்து, கடையின் பின்கட்டில் இருட்டில் வைத்தேன்.

நான்காம் நாள் முகாமிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாமனாரின் மருந்து என்று ஈரத்துண்டைப் பிரித்தாள். உள்ளே குப்பி. யாரோ நல்லது செய்வதாக நினைத்து மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். உறைந்து, பிறகு உருகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே திரிதிரியாக மிதந்தது. இது வேண்டாம் என்றதும் அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். கூரை போய்விட்டது, தென்னை போய்விட்டது, இதையும் எறியச் சொல்கிறானே என்று அவளுக்கு. பானையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்த பிறகும் பழையதை விடவில்லை. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பழையதை என்ன செய்தாளோ, அது இன்றுவரை தெரியாது.

இதைத்தான் அந்த அரங்கில் கேட்க வந்தேன். ஜெனரேட்டரோடு முடிந்துவிட்டது.

கடைவீதி மூத்தவர்

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கும் ஒன்று உண்டு: திருச்சியில் ஒரு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன், பேச்சாளர் ஒலிபெருக்கியிலேயே என்னை எழுப்பினார். அது கிடக்கட்டும்.

குடமுருட்டி நண்பருக்கு: ஊசியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தீர்களா? 30 என்று எழுதியிருப்பதைச் சரியான ஊசியில் அப்படியே இழுத்தால், நேற்று வரை 12 போன உடம்பில் ஒரேயடியாக 30 இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, தூக்கத்திலேயே போய்விடுவார். முதலில் மருத்துவரிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? இதன் மறுபக்கமும் உண்டு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் 20 கோட்டில் 50 யூனிட் போகும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது.

உப்பளத்து நண்பருக்கு: பானை மணல் எல்லாம் சித்திரை வெயிலுக்குச் சரி. ஐப்பசி கார்த்திகையில் காற்றே நீராக இருக்கும்போது மணலில் ஈரம் எப்படி ஆவியாகும், பானை எப்படிக் குளிரும்? திறக்காத குப்பியே சாதாரண அறைச் சூட்டில் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்து கெடாமல் இருந்தது நவம்பர் மாதத்தின் புண்ணியம், பானையின் புண்ணியம் இல்லை.

மற்றவர்களுக்கும் பொதுவாகச் சொல்கிறேன். ஹெச்1 பதிவேட்டை, அதாவது சீட்டில்லாமல் விற்கக் கூடாத சில மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று குறிக்கிற ஏட்டை, ஒழுங்காக எழுதுங்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இன்னும் பல கடைகளில் மருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் பேனாவைத் தேடுகிறார்கள். எழுதிய மருத்துவரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை. மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம், டிராமடால், அல்பிரசோலம் எல்லாம் அதில்தான். 'போன தடவை கொடுத்தீர்களே' என்று வெறும் அட்டையை நீட்டுபவரிடம் சீட்டைக் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். பக்கவிளைவு என்று யாராவது வந்தால் 'ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது' என்று அனுப்பிவிடாமல் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள். ஒரு லிட்டருக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை விற்கும்போது முழுப் பொட்டலமும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று சொல்லுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குகிறார்கள். பிறகு, கடைக்குள் நாட்காட்டி மாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும்...

உப்பளத்துக்காரன்

மூத்தவரே, நாட்காட்டி வேண்டாம். கார்த்திகை ஈரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது பானைதான். நீங்கள் கேட்ட தொனிக்கும் அந்தப் பேச்சாளரின் தொனிக்கும் அதிக தூரம் இல்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அரிசிலாறு

நான் பேசாமல் படிப்பவள். ஆனால் வகுப்பால் பயனில்லை என்று மாயூரத்தான் அண்ணன் எழுதியதால் எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் அரவை ஆலைகள் நிறைந்த இடத்தில் கடை. தவிட்டுத் தூசியில் இளைப்பு வராத வீடு குறைவு. எட்டு ஆண்டாக உறிஞ்சு மருந்து எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்துவருகிறேன். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய பொடி அடைத்த ரோட்டாகேப்பை மாத்திரையாக நினைத்துத் தண்ணீரோடு விழுங்கியவர்களையெல்லாம் திருத்தியிருக்கிறேன். அந்தத் தெம்பில்தான், வகுப்பில் "யாராவது வந்து செய்து காட்டுங்கள்" என்றதும் நான் மேடை ஏறினேன்.

பொடிக் கருவியைக் கொடுத்தார்கள். ரோட்டாகேப்பைச் செருகித் திருகினேன். வாயில் வைத்து, அழகாக, மெதுவாக, பொறுமையாக இழுத்தேன். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் கருவியைத் திறந்து காட்டினார். பொடி பாதி அப்படியே இருந்தது. "அம்மா, அழுத்தி அடிக்கிற பம்ப் என்றால் மெதுவாக. பொடி என்றால் வேகமாக, ஆழமாக. மெதுவாக இழுத்தால் பொடி தொண்டையோடு நின்றுவிடும்" என்றார். அதற்கு முன்னால் மூச்சை வெளியே விடவும் மறந்திருந்தேன்.

எட்டு ஆண்டாக இரண்டுக்கும் 'மெதுவாக' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் என் மாமியாரும் ஒருவர். "நீ சொன்ன மாதிரிதான் இழுக்கிறேன், நெஞ்சு அடைப்பு விடவில்லையே" என்று அவர் சொன்னபோதெல்லாம், "சரியாக இழுங்கள் அத்தை" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய் வேகமாக இழுக்கச் சொன்னேன். இழுத்துவிட்டு இருமினார். பிறகு, "இப்போதுதான் மருந்து கசக்கிறது" என்றார்.

குடமுருட்டி அண்ணா, நானும் 'மாற்றிச் சொல்லிவிட்டேன்' என்று சொல்லவில்லை. 'இப்போது முறை மாறியிருக்கிறது அத்தை' என்றேன்.

மாயூரத்தான்

தங்கை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கல்யாண மண்டபத்தில் வைக்காத வகுப்புகளுக்கு என் கருத்து பொருந்தாது.

குடமுருட்டிக்கரை

மூத்தவர் கேட்டதற்கு: அன்றிரவே மருத்துவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னபடி சிவப்பு ஊசியில் 12 மட்டும்தான் போட்டோம். மறுநாள் காலையில் இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு பெரியவரோடு நானே போனேன். மருத்துவர் இரண்டையும் மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். 16 என்று எழுதினார். திருட்டுச் சோறு பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, ஊசி பற்றி நானும் வாய் திறக்கவில்லை. நடுவில் பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

இப்போது மதியம் ஒருவேளை சோறு சாப்பிடுகிறார். ஊசி தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் அன்று கூட்டம் குறைவாக இருந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமையும் இப்படித்தான் நினைத்தேன்.