மாசி வீதிக் குடும்பம்: குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: (பலமுறை பார்வர்டு செய்யப்பட்டது)
🌍 உலக மக்களின் குணங்கள்! படித்துச் சிரியுங்கள்!
ஜெர்மன்காரன்: கடிகாரத்துக்கே நேரம் சொல்வான்.
ஜப்பான்காரன்: தூங்கும்போதும் வேலை செய்வான்.
கிரேக்கன்: வேலை நேரத்திலும் தூங்குவான்.
இத்தாலிக்காரன்: கையைக் கட்டிப்போட்டால் ஊமை.
ஸ்காட்லாந்துக்காரன்: ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான்.
இந்தியன்: எங்கே போனாலும் கடைசியில் அவன்தான் சி.இ.ஓ!!
இந்தியனாக இருப்பதில் பெருமை என்றால் 10 பேருக்கு அனுப்புங்கள் 🙏

ராஜி அத்தை: கையைக் கட்டிப்போட்டால் ஊமை என்பது எங்கள் வீட்டுக்காரருக்கும் பொருந்தும் அண்ணே.

சுந்தரம் மாமா: இந்த வீட்டில் பேசுவதற்கு எனக்குக் கை மட்டும்தான் மிச்சம் மச்சான்.

கவிதா: பெரியப்பா, முதல் வரியே இடிக்கிறது. 2024-ல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் ‘நேரத்துக்கு வந்தது’ என்றே கணக்கு. ரத்தான ரயில் கணக்கிலேயே வராது.

சுந்தரம் மாமா: வராத ரயில் எப்படித் தாமதமாகும்? சரியாகத்தான் இருக்கிறது.

பெரியப்பா: நம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் தேவலை போலிருக்கிறதே!

கவிதா: ரொம்பத் தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலைச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் எல்லை நகரமான பாசலுக்கு மேல் விடுவதில்லை. பயணிகளை இறக்கித் தங்கள் ரயிலில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய அட்டவணை கெட்டுவிடுமாம்.

பெரியப்பா: சரிம்மா, ஒரு சிரிப்புக்குப் போட்டது. அதற்கு இவ்வளவு புள்ளிவிவரமா?

கவிதா: மூன்றாவது வரிக்காகத்தான் பேச வந்தேன். இங்கே ஜெர்மனியில் என் டீமில் ஒரு கிரேக்கர் இருக்கிறார். தினமும் ஆபீசுக்கு முதலில் வருவது அவர்தான். காபி இயந்திரத்தைப் போடுவதும் அவரே. ரொம்பச் சுறுசுறுப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “நீங்கள் யாராவது பத்து நிமிடம் தாமதமாக வந்தால், ரயில் தாமதம். நான் வந்தால், கிரேக்கன்.”

ராஜி அத்தை: அடப்பாவமே.

கவிதா: 2010-ல் கிரீஸில் கடன் நெருக்கடி வந்தபோது அவர் இங்கே மாணவர். அந்தப் பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் வார இதழ், வீனஸ் சிலை நடுவிரலைக் காட்டுவது போல அட்டைப்படம் போட்டது. ‘யூரோ குடும்பத்தில் மோசடிக்காரர்கள்’ என்று தலைப்பு. தீவுகளை விற்றுக் கடனை அடையுங்கள் என்று இன்னொரு பத்திரிகை. கிரேக்க அரசாங்கம் கணக்கை மறைத்தது உண்மை, அதை அவரே மறுக்கவில்லை. ஆனால் மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவும் முறை வந்தால்கூட, “இதற்கும் கடன் கேட்பாயா?” என்று சிரிப்பார்களாம். கூடவே இவரும் சிரித்திருக்கிறார். வேறு என்ன செய்வது?

முரளி: இதில் வேடிக்கை என்ன தெரியுமா அப்பா? ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் கணக்குப்படி அந்த வருடங்களில் கிரீஸில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,000 மணி நேரம் வேலை செய்தார். ஜெர்மனியில் சுமார் 1,400.

சுந்தரம் மாமா: இரு முரளி. ஜெர்மனியில் பாதி நேர வேலைக்காரர்கள் அதிகம், அதனால் சராசரி இறங்கும். கிரீஸில் சொந்தக் கடை, விவசாயம் என்று இருப்பவர்கள் அதிகம். கடையைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம்தான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விளைகிறது என்று பார்த்தால் ஜெர்மனி எங்கேயோ இருக்கும்.

முரளி: ஒத்துக்கொள்கிறேன் மாமா. அது இயந்திரம், முதலீடு, தொழில் சம்பந்தப்பட்டது. சோம்பலுக்கு அதில் இடம் எங்கே?

சுந்தரம் மாமா: இவ்வளவு காலம் இன்சூரன்ஸ் விற்றவன் நான். புகைபிடிக்கிறவனுக்கு ஒரு பிரீமியம், பிடிக்காதவனுக்கு ஒரு பிரீமியம். கூட்டத்தின் சராசரியைப் பார்க்காமல் தொழிலே நடக்காது. நெருப்பில்லாமல் புகையாது அப்பா.

முரளி: சராசரி பார்த்தீர்கள், சரி. அப்புறம் ஆளை டாக்டரிடம் அனுப்பினீர்களா இல்லையா? புகைபிடிக்கிறாயா என்று அவனைத்தானே கேட்டீர்கள்? அவன் ஊர்க்காரர்களைக் கேட்கவில்லையே.

சுந்தரம் மாமா: 🙂

முரளி: அதோடு அந்தச் சராசரியே கற்பனை. 2005-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 49 பண்பாடுகள், கிட்டத்தட்ட 4,000 பேர். ‘உங்கள் நாட்டுக்காரர் பொதுவாக எப்படி?’ என்று கேட்டு, அதை அந்தந்த மக்களின் உண்மையான குண அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவே இல்லை. தாங்கள் சாது, பக்கத்து அமெரிக்கர்கள் அடாவடி என்பது கனடாக்காரர்களின் நினைப்பு. அளந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரியப்பா: சொந்த நாட்டைப் பற்றிச் சொன்னதே தப்பா?

முரளி: ஆமாம் அப்பா, அதுதான் விசேஷம்.

கவிதா: (படம்)
பெரியப்பா, உங்கள் பார்வர்டின் கொள்ளுத்தாத்தா இவர். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. வியன்னா நாட்டுப்புறவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே ஸ்பெயின்காரர் முதல் வரிசையாகப் பத்துப் பேர், கீழே கட்டம் கட்டமாகக் குணம், புத்தி, உடை, வியாதி, சாவு வரைக்கும்.

ராஜி அத்தை: பத்தாவது ஆள் தலைப்பாகை கட்டியிருக்கிறானே, யார் அது?

கவிதா: ‘துருக்கியர் அல்லது கிரேக்கர்’ அத்தை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டம். இதைக் காட்டியபோதுதான் என் கிரேக்கர் வாய்விட்டுச் சிரித்தார். துருக்கியரோடு சேர்த்து எழுதினால் அவருடைய பாட்டிக்கு மயக்கமே வந்திருக்குமாம்.

பாலா: ஜெர்மன்காரனுக்கு என்ன போட்டிருக்கிறது? பொழுதுபோக்கு என்று ஒரு வரி இருக்கிறதே.

கவிதா: ஜெர்மன்காரன் பொழுதைப் போக்குவது குடியில். ஆங்கிலேயன் உழைப்பில். ஜெர்மன்காரன் சாவதும் மதுவில்தான். இத்தனைக்கும் எழுதியது ஜெர்மன் மொழியில்! கடிகாரம், ஒழுங்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முரளி: அந்தப் பெயரெல்லாம் பிறகு வந்தது. 1876-ல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போன ஜெர்மன் பொறியாளர் ரூலோ, தங்கள் நாட்டுச் சரக்கு ‘மலிவு, மட்டம்’ என்று அவரே எழுதினார். 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டது: வெளிநாட்டுச் சரக்கில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஜெர்மன் போலிகளைப் பார்த்தவுடன் ஜனங்கள் ஒதுக்கட்டும் என்பதற்காக. ‘மேட் இன் ஜெர்மனி’ அப்படித்தான் வந்தது. இன்றைக்கு அதே முத்திரைக்கு அதிக விலை கொடுக்கிறோம்.

கவிதா: அதாவது பெரியப்பா, தொழிற்சாலை வந்தால் சுறுசுறுப்பு. கடன் வந்தால் சோம்பேறி. குணத்தை எழுதுவது அந்த நேரத்தில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்கள். 2017-ல் யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் குழுவுக்குத் தலைவராக இருந்த டச்சு அமைச்சர் டைசல்புளூம், மதுவிலும் பெண்களிலும் பணத்தைச் செலவழித்துவிட்டு உதவி கேட்க முடியாது என்று பேட்டி கொடுத்தார். தெற்கு நாடுகளைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. பதவி விலகு என்று போர்ச்சுகல் பிரதமரே கேட்டார்.

பெரியப்பா: கடன் கொடுத்தவன் நாலு வார்த்தை பேசத்தான் செய்வான் தாயி.

கவிதா: பழைய பேங்க் மேனேஜர் பேசுகிறார் 🙂

பெரியப்பா: போகட்டும். கடைசி வரி நல்லதாகத்தானே இருக்கிறது? நம்மைப் பற்றி உயர்வாகச் சொன்னால் அதிலும் குற்றமா? கூகுளில் யார், மைக்ரோசாப்டில் யார்?

முரளி: அந்த வரியில் அடி வாங்குவது உங்கள் பேத்தி. போன தேர்வில் நிலாவும் பக்கத்துப் பெண்ணும் கணக்கில் ஒரே மதிப்பெண். அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நிலாவிடம், “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். இந்தியக் குழந்தைக்குக் கணக்கு வராமல் இருக்குமா, வேறு காரணம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு. அவளுக்குப் பின்னம் புரியவில்லை, அவ்வளவுதான்.

ராஜி அத்தை: நம் வீட்டில் யாருக்குக் கணக்கு வந்தது? பாலா பத்தாவதில் வாங்கியதை நான் சொல்லவா?

பாலா: அம்மா.

முரளி: 1942-ல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை நம்பத்தகாதவர்கள் என்று முகாம்களில் அடைத்தது. 1966-ல் அதே மக்களை ஒரு பெரிய பத்திரிகை உதாரணச் சமூகம் என்று புகழ்ந்தது. மற்றவர்களைப் பார்த்து, ‘அவர்களால் முடிகிறது, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று கேட்க அது வசதியாகப் போயிற்று. புகழ்ச்சி என்றாலே எனக்குச் சந்தேகம் வருவது அதனால்தான்.

கவிதா: எனக்கும் ஒரு புகழ்ச்சி கிடைத்தது. “நீ மற்ற இந்தியர்கள் மாதிரி இல்லை, முடியாது என்றால் முடியாது என்று சொல்கிறாய்.” நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல். என்னை உயர்த்துவதற்கு உங்களையெல்லாம் ஒரு படி இறக்கியிருக்கிறார்.

பாலா: இங்கே சிங்கப்பூரில் வீடு தேடும்போது பாராட்டு கிடையாது, ஒரே ஒரு கேள்விதான்: “சமைப்பீர்களா?” முன்பு வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே போட்டார்கள். இப்போது ‘லைட் குக்கிங்’ மட்டும்.

ராஜி அத்தை: அப்படியென்றால்?

பாலா: வெந்நீர் போடலாம், நூடுல்ஸ் போடலாம். தாளிக்கக் கூடாது.

ராஜி அத்தை: தாளிக்காமல் என்ன சமையல்! நீ என்ன சொன்னாய்?

பாலா: எனக்குச் சமைக்கவே தெரியாது என்றேன். உண்மைதானே. நம்பவில்லை. வீடு கிடைக்கவில்லை.

சுந்தரம் மாமா: சமைக்கத் தெரியாத குற்றத்துக்கு வேறு தண்டனை வைத்திருந்தேன், அதற்குள் இதுவா?

பெரியப்பா: இதற்கெல்லாம் மனசை விடக்கூடாது. நாலு ஊர் போனால் நாலு பேச்சு வரும். தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ராஜி அத்தை: அண்ணே, நீங்கள் தட்டிவிட்டுப் போனீர்களா? (குரல் பதிவு)

கவிதா: அத்தை, இங்கே மீட்டிங்கில் இருக்கிறேன், எழுதுங்கள்.

ராஜி அத்தை: ஞாயிற்றுக்கிழமை என்னடி மீட்டிங்? சரி எழுதுகிறேன். உங்கள் பெரியப்பாவுக்கு முதல் போஸ்டிங் பம்பாய். அங்கே தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள், லுங்கிக்காரர்களை விரட்ட வேண்டும் என்று அரசியல் கிளம்பியிருந்த நேரம். உடுப்பி ஓட்டல்களில் கல் விழும். ஆந்திரா, கேரளா, கர்நாடகா யாராக இருந்தாலும் அவர்களுக்கு எல்லோரும் மதராசி. அம்மாவும் நானும் போய் ஒரு மாதம் தங்கியிருந்தோம். தெருமுனையில் பால் வாங்கக்கூட அண்ணன் பேண்ட் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டுதான் போவார். ஊரில் வேட்டியை விட்டு இறங்காத மனுஷன். பஸ்ஸில் அம்மா தமிழில் பேசினால் காலைச் சுரண்டுவார்.

முரளி: அப்பா, இதை நீங்கள் சொன்னதே இல்லையே?

பெரியப்பா: சொல்ல என்ன இருக்கிறது. அங்கே குளிர்.

சுந்தரம் மாமா: பம்பாயிலா மச்சான்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி அத்தை: என்ன அண்ணே அழித்தீர்கள்?

பெரியப்பா: எழுத்துப்பிழை.

பாலா: மாமா, போன வாரம் நீங்கள் அனுப்பிய வடக்கத்திப் பையன்கள் பார்வர்டும் இதே ரகம்தான். அவர்கள் எல்லோரும் பான்பராக், அழுக்கு என்று. நம் தெரு ஓட்டலில் தோசை ஊற்றுவதே பீகார் பையன்தான். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பார்த்துப் பயந்து, திருப்பூரிலிருந்து எத்தனை பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். உண்மையா என்று பார்க்கப் பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்தது. அங்கே நம்மைப் பற்றி என்ன பார்வர்டு சுற்றியிருக்கும்?

பெரியப்பா: அது வேறு, இது வேறு.

பாலா: எப்படி வேறு மாமா?

பெரியப்பா: அது எனக்கு வந்தது, நான் அனுப்பினேன். எழுதியது நானா?

சுந்தரம் மாமா: பாலா, பெரியவர்களோடு வாதாடாதே. சாப்பிட்டாயா?

பாலா: நூடுல்ஸ்.

கவிதா: மீட்டிங் இல்லை அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்களோடு படிக்கட்டைப் பெருக்கும் முறை பற்றிப் பேச்சு. இந்த வாரம் என் முறையாம். இதில் மட்டும் பார்வர்டு சொல்வது கொஞ்சம் சரி பெரியப்பா, அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கீழ்வீட்டு ஜெர்மன் பெரியவர் இதுவரை பெருக்கியதே இல்லை.

பெரியப்பா: கவிதா, ஒன்று கேட்கிறேன். அந்தக் கிரேக்கர்கள் கடனைக் கட்டினார்களா, இல்லையா?

கவிதா: ஐ.எம்.எப். (சர்வதேச நாணய நிதியம்) கடனை 2022-லேயே கட்டி முடித்துவிட்டார்கள். தவணைக்கு முன்பாகவே. ஐரோப்பியக் கடன் இன்னும் பல வருடம் ஓடும், அது ஒப்பந்தப்படியே.

பெரியப்பா: சம்பளம், பென்ஷன் எல்லாம் குறைத்தா?

கவிதா: ஆமாம் பெரியப்பா. அவருடைய அம்மாவின் பென்ஷனும் பல தடவை குறைந்தது. மாதாமாதம் இவர்தான் இங்கிருந்து பணம் அனுப்புகிறார்.

பெரியப்பா: தவணைக்கு முன்னால் கட்டியிருக்கிறார்களா! என் சர்வீசில் அப்படிப்பட்ட பார்ட்டிகளை விரல் விட்டு எண்ணலாம்.

சுந்தரம் மாமா: அப்படியானால் மூன்றாவது வரியைத் திருத்தி, 10 பேருக்கு அனுப்பிவிடலாமா மச்சான்?

பெரியப்பா: நீர் முதலில் பாலாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடும் மாப்பிள்ளை. பையன் நூடுல்ஸ் தின்கிறான்.