அடை வச்சு 29 நாளாச்சு, வாத்து முட்டை ஒண்ணும் பொரிக்கல. தூரப் போட்டுரவா?

முக்கூடல்காரன்:
அவசரம். வாத்து முட்டை 8 அடை வச்சேன். 28 நாள்தான் கணக்குன்னாங்க, இன்னைக்கு 29. ஓட்டுல ஒரு கீறல்கூட இல்ல. அம்மா தூரப் போடச் சொல்லுதாங்க.

பிசானம்:
என்ன வாத்து? அடை கெடக்கது வாத்தா கோழியா? ஆண் இருக்கா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படிவே?

அம்பை அக்கா:
நடுவுல இடி இடிச்சுதா தம்பி? இடிக்கு முட்டை கெட்டுரும்னு எங்க ஆச்சி கூடையில இரும்புத்துண்டும் கரியும் போடாம அடையே வைக்க மாட்டா.

மூத்தபண்ணை:
இதுக்கு எத்தனை தடவை எழுதியாச்சு, யாரும் படிக்கதில்ல. ஆண் இல்லாமலும் பெட்டை முட்டை போடும், அத்தனையும் கூமுட்டை. ஆணுக்கு வால் மேல இறகு சுருண்டு நிக்கும். போய்ப் பாரு.

முக்கூடல்காரன்:
மன்னிச்சிருங்க. கோழிதான் அடை. வாத்து பெருசு ஒண்ணு, சிறுசு மூணு. சுருள் எதுலயும் இல்ல.

மூத்தபண்ணை:
அப்ப நாலும் பெட்டை. தூரப் போடு.

பிசானம்:
பொறும். மூஞ்சில செவப்பா மரு மாதிரி இருக்கா? பெருசு கத்துமா, சீறுமா?

முக்கூடல்காரன்:
ஆமா, செவப்பு மரு. புஸ்ஸுன்னு சீறும், அவ்வளவுதான்.

பிசானம்:
அது மணிலா வாத்துவே. மணிலா ஆணுக்கு வால் சுருளாது. 28 நாள் நாட்டு வாத்துக்கும் காக்கி கேம்பலுக்கும், மணிலாவுக்கு 35. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, செல்போன் டார்ச் மேல முட்டையோட அகல முனையை வச்சுப் பாரும். உள்ள முழுக்க மஞ்சளா வெளிச்சம் ஓடுனா கூமுட்டை. அகல முனையில காத்தறை மட்டும் வெளிச்சமா இருந்து, மத்ததெல்லாம் கருப்பா அடைஞ்சிருந்தா, அதைத் தொடாதீரும், அப்படியே வச்சிரும். அடைக்கோழிக்கு 21 நாள்தான் பழக்கம், எந்திரிச்சிராம தெனமும் இரையும் தண்ணியும் காட்டும். முட்டை மேல வெதுவெதுப்பா தண்ணி லேசாத் தெளியும். வாத்துன்னா நனைஞ்ச உடம்போட வந்து உக்காரும், கோழிகிட்ட அந்த ஈரம் கெடையாது.

மூத்தபண்ணை:
மணிலான்னு மொதல்லயே சொல்லிருக்கணும்.

வயக்காடு:
தண்ணில இணை சேர்ந்தாத்தான் கரு கூடும். வாய்க்கால் இல்லாத வீட்டுல வாத்தே வளக்கக்கூடாது.

மூத்தபண்ணை:
எங்க வீட்டுல வெறும் சிமெண்ட் தொட்டி. குஞ்சு வரலியா?

வயக்காடு:
தாமிரபரணி வாய்க்கால்ல மேயுததும் தொட்டியில கெடக்கதும் ஒண்ணா?

பிசானம்:
மணிலா தரையிலயே சேரும். உடம்பு கனத்த பெக்கின் சாதி வாத்துக்குத்தான் தண்ணி பெரிய உதவி. அதைவிடத் தீவனத்தைப் பாருங்க. பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்கு வைக்காதீங்க. அந்த நஞ்சு கோழிய விட வாத்தச் சீக்கிரம் சாய்ச்சிரும்.

வயக்காடு:
புண்ணாக்கு சரி. வாய்க்கால் விஷயத்துல நான் சொன்னதுதான்.

முக்கூடல்காரன் (8 நாள் கழிச்சு):
5 குஞ்சு. ரெண்டு கூமுட்டை, ஒண்ணு ஓட்டைக் குத்திட்டு உள்ளயே செத்துப்போச்சு. அம்மா கூடையை விட்டு நகரல. நன்றி அண்ணாச்சி.