‘மில் வீட்டுச் சொந்தங்கள்’ குடும்ப குரூப்: கவி வீட்டு அடுப்பு

கவி, வெர்மான்ட்: எல்லோருக்கும் வணக்கம். இங்கே பழைய ஆயில் ஹீட்டர் இந்தக் குளிர்காலம் தாங்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஜனவரியில் குழந்தை. அம்மா டிசம்பரிலேயே வருகிறார். ஹாலில் பெல்லட் அடுப்பு வைக்கலாமா, விறகு அடுப்பா? சனிக்கிழமைக்குள் கடையில் சொல்ல வேண்டும்.

சித்தி (கவியின் அம்மா), காட்பாடி: வீட்டுக்குள் அடுப்பா? கைக்குழந்தை இருக்கிற இடத்தில்?

அத்தை, ராணிப்பேட்டை: புரட்டாசி பிறந்தும் இங்கே வெயில் மண்டையைப் பிளக்குது 🥵

கவி, வெர்மான்ட்: இங்கே மைனஸ் 20 வரை போகும் அத்தை.

செந்தில் அண்ணன்: பெல்லட் என்றால்?

கவி, வெர்மான்ட்: மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சி அண்ணா. 6 மில்லிமீட்டர் கனம், பார்க்கக் கோழித் தீவனம் மாதிரி. 18 கிலோ மூட்டை. கடுங்குளிரில் நாளைக்கு ஒரு மூட்டை ஆகுமாம்.

சித்தி, காட்பாடி: 18 கிலோவா! நீ தொடவே கூடாது.

அத்தை, ராணிப்பேட்டை: சின்ன அண்ணியும் தூக்கக் கூடாது. முதுகு ஞாபகம் இருக்கட்டும்.

மாப்பிள்ளை: நான் தூக்குகிறேன் அத்தை. நான் இல்லாதபோது சின்ன வாளியில் அள்ளிப் போட்டால் போதும்.

பெரியப்பா, ஆரணி: கவிம்மா, நிதானமாகப் படி. நெல் அவிக்கிற உமி பாய்லர் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன். விறகு அடுப்பில் தீ நம் கையில். இதில் மிஷின் கையில். தொட்டியில் கொட்டியதை ஒரு ஸ்குரூ சுற்றிச் சுற்றித் தள்ளும். ஒரு ஃபேன் புகையைக் குழாய் வழியாக வெளியே இழுக்கும், இன்னொன்று சூட்டை அறைக்குள் விடும். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். போனால் அடுப்பும் அவ்வளவுதான். அடுத்தது ஈரம். மூட்டை நனைந்தால் பெல்லட் உப்பித் தூளாகும், ஸ்குரூ அடைத்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அட்டி போடு. அப்புறம் சாம்பல். நம் உமியில் நூற்றுக்கு 20 பங்கு சாம்பல். நல்ல பெல்லட்டில் ஒரு பங்குகூட வராது. மட்டமான சரக்கு என்றால் சாம்பல் உருகிக் கட்டி தட்டி, எரிகிற கிண்ணத்தின் காற்றுத் துளையை அடைக்கும். கிண்ணத்தைத் தினமும் சுரண்டிவிட வேண்டும்.

சித்தப்பா (கவியின் அப்பா), காட்பாடி: மில் போன பிறகும் பாய்லர் போகவில்லை.

பெரியப்பா, ஆரணி: மில் எதற்குப் போனது என்று உனக்குத் தெரியும்.

அத்தை, ராணிப்பேட்டை: அண்ணா, மாப்பிள்ளை இருக்கிற குரூப்.

செந்தில் அண்ணன்: 🙏

அத்தை, ராணிப்பேட்டை: வளைகாப்பு?

சித்தி, காட்பாடி: ஒன்பதாம் மாதம் நான் அங்கே போய்ப் போடுகிறேன். கண்ணாடி வளையல் பெட்டியில் உடையாமல் போகுமா?

மாப்பிள்ளை: பெரிய மாமா, போன வருடம் ஐஸ் மழையில் ராத்திரி முழுக்க இங்கே கரண்ட் இல்லை.

பெரியப்பா, ஆரணி: அதைத்தான் சொன்னேன். பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு ராத்திரி கூடாது. பேட்டரி இல்லாமல் வாங்காதே. ஓடும்போது சுமார் 100 வாட்தான், பற்றவைக்கிற சில நிமிடம் 300, 400 வரை இழுக்கும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கிற ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டராகக் கேளுங்கள்.

சித்தி, காட்பாடி: புகை குழந்தைக்கு ஆகுமா?

பெரியப்பா, ஆரணி: குழாய் ஒழுங்காக இருந்தால் வராது. ஆனாலும் படுக்கை அறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. சாம்பலை மூடி போட்ட இரும்பு டப்பாவில் அள்ளி வெளியே வை. ஆறிவிட்டது என்று நம்பி பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதே, உள்ளே கங்கு இருக்கும்.

சித்தப்பா, காட்பாடி: அண்ணன் சொல்வது சரி கவி. பேட்டரிக்கு நான் பணம் போடுகிறேன்.

கவி, வெர்மான்ட்: வேண்டாம்பா. அப்போ பெல்லட்டே சொல்லட்டுமா? விறகு என்றால் கரண்ட் தொல்லை இல்லை. ஆனால் பிளந்து, காயவைத்து, விடாமல் போட்டுக்கொண்டே இருக்க யாருக்கு முடியும்?

மாப்பிள்ளை: எனக்கு இன்னும் விறகு மேல் ஒரு கண்.

செந்தில் அண்ணன்: பெல்லட்.

அத்தை, ராணிப்பேட்டை: ஃபேன் சத்தத்தில் குழந்தை தூங்குமா?

கவி, வெர்மான்ட்: கடையில் ஓடவிட்டு ரெக்கார்டு பண்ணி அனுப்புகிறேன் அத்தை.

பெரியப்பா, ஆரணி: எதை வாங்கினாலும் பழைய ஹீட்டரை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கடைக்காரரிடம் கேட்டு இங்கே போடு. அப்புறம் பணம் கட்டு.

கவி, வெர்மான்ட்: சரி பெரியப்பா.

சித்தி, காட்பாடி: இலவம்பாடி கத்திரிக்காய் வற்றல் ஃப்ளைட்டில் விடுவார்களா?