அம்மாவுக்கு மூட்டு மாற்று: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, மூட்டு மாற்றுதான் வழி என்கிறார் டாக்டர். ஆனால் அம்மாவுக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் (உடம்பு முழுக்க நீண்ட நாள் வலி இருக்கும் நோய்) உண்டு. பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினாலே "விடுடா, வலிக்குது" என்று கையை இழுத்துக்கொள்வார். இது இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி நீடிக்க வாய்ப்பு அதிகமாம். அதுதான் பயம்.

அப்புறம் செலவு. செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017-லேயே மத்திய அரசு உச்சவிலை வைத்துவிட்டது. அறை வாடகை, சர்ஜன் கட்டணம், பிசியோதெரபி எல்லாம் அதில் வராது. ஓரிடத்தில் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை சொல்கிறார்கள், பிரித்துக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

மூட்டுத் தேய்மானம், ஃபைப்ரோமயால்ஜியா இரண்டும் உள்ளவர்கள் யாராவது சென்னையில் செய்துகொண்டீர்களா? எத்தனை மாதத்தில் மாடிப்படி ஏற முடிந்தது? வலி நிபுணரை முன்பே பார்த்தீர்களா? கடைசியில் பில் எவ்வளவு வந்தது?