கார் ஏசி குளிரவில்லை: கம்ப்ரசரா, எக்ஸ்பான்ஷன் வால்வா? கழற்றும் முன் உறுதிசெய்ய உதவுங்கள்

குளச்சலில் ஓடும் வண்டி. 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஆர்134ஏ கேஸ், கிளட்ச் வைத்த சாதாரண கம்ப்ரசர். மாசிக் கடைசியிலிருந்து நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. தக்கலை ரோட்டில் 60-ல் போனால் ஓரளவு குளிர்கிறது.

பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்ததில், வெளியே 33 டிகிரி, இன்ஜின் 1500 ஆர்பிஎம்: லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பும் பக்கம்) 70 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) 140. இந்த வெயிலுக்கு 40-ம் 200-க்கு மேலும் காட்ட வேண்டும். ஏசியை அணைத்ததும் சில நொடிகளில் இரண்டும் சமமாகிவிடுகிறது. சக்ஷன் பைப் (லோ சைடு குழாய்) வியர்ப்பதே இல்லை.

கேஸ் குறைவு இல்லை. பழையதை முழுதும் எடுத்து, 30 நிமிடம் வாக்கூம் பிடித்து, பானெட் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கே நிரப்பியாயிற்று, வாக்கூமும் இறங்கவில்லை. கிளட்ச் இடைவெளி 0.5 மிமீ, சறுக்கல் இல்லை, கிளட்ச் காயிலுக்கு முழு வோல்டேஜ் வருகிறது. கண்டென்சர் ஃபேன் ஓடுகிறது. ஃபின்கள் உப்புக்காற்றில் கொஞ்சம் அரித்திருக்கின்றன, கடலோர வண்டிக்கு அது தப்பாது. ஆனால் அது ஹை சைடை ஏற்றுமே தவிர இறக்காது.

கேஸோடு வந்த ஆயிலில் மினுங்கும் தூள் லேசாக இருந்தது. அதனால் கம்ப்ரசரின் உள் வால்வு மேல்தான் சந்தேகம். ஆனால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்தபடி சிக்கினாலும் லோ சைடு ஏறும். இந்த வண்டியில் அது கூலிங் காயிலோடு டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதைத் தொட்டால் முழு டாஷும் இறங்க வேண்டும்.

டாஷ்போர்டைக் கழற்றாமல், கேஜை மட்டும் வைத்து இந்த இரண்டில் எது போயிருக்கிறது என்று உறுதிசெய்ய என்ன சோதனை செய்யலாம்?