புதுப்பிப்பு: ஸ்க்ரமை விட்டுவிட்டோமா என்று கேட்டவர்களுக்கு

எங்கள் மென்பொருள் குழுவில் ஸ்க்ரம் (வேலையைக் குறுகிய, நிலையான காலத் துண்டுகளாகத் திட்டமிட்டுச் செய்யும் முறை) பின்பற்றியபோது, நடுவில் வந்து விழும் புரொடக்‌ஷன் (பயனர்கள் கையில் ஓடும் மென்பொருளின்) பிழைகளால் இரண்டு வார ஸ்பிரின்ட்டில் (அந்தக் காலத் துண்டில்) பாதி வேலைகூட முடிவதில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? பலர் கான்பனுக்கு (வேலைகளைப் போர்டில் கார்டுகளாக நகர்த்தி, ஒரே நேரத்தில் நடப்பவற்றுக்கு வரம்பு வைக்கும் முறை) மாறச் சொன்னீர்கள். பாதிதான் மாறினோம். ஸ்பிரின்ட் பிளானிங்கும் ஸ்டோரி பாயின்ட்டும் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்) போய்விட்டன, ரெட்ரோ (வேலை எப்படிப் போனது என்று குழு திரும்பிப் பார்க்கும் கூட்டம்) மட்டும் இருக்கிறது, அதை நிறுத்த யாருக்கும் மனசில்லை.

உண்மையில் வேலை செய்தது, போர்டில் 'ரிவியூ' (மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பது) நெடுவரிசைக்கு 3 கார்டு என்று வரம்பு வைத்ததுதான்: நான்காவது கார்டை நகர்த்த முடியாமல் நின்றவர், வேறு வழியில்லாமல் அடுத்தவர் எழுதிய நிரலை ரிவியூ செய்ய உட்கார்ந்தார். 2020 ஸ்க்ரம் வழிகாட்டிப்படி, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஸ்க்ரமே இல்லை. சரி, பெயரில்லாமலே இருக்கட்டும்.

எஸ்டிமேட் கேட்கும் மேனேஜர்தான் இன்னும் பாக்கி. கார்டு தொடங்கி முடிய எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கைக் காட்டி இப்போதைக்கு ஓட்டுகிறோம்.