ஐஸ்லாந்து ரிங் ரோடு: செப்டம்பரில் 9 இரவு, நாலு பேர். இந்தத் திட்டம் சரிவருமா?

வேளச்சேரி வழிப்போக்கன்:
வணக்கம். செப்டம்பர் 2வது வாரம் சென்னையிலிருந்து ஐஸ்லாந்து போகிறோம். நான், மனைவி, 12 வயசுப் பையன், 66 வயசு அம்மா. மொத்தம் 9 இரவு. இறங்கிய அன்றே கோல்டன் சர்க்கிள் (தலைநகர் ரேக்யவிக் பக்கத்துச் சுற்றுலா வட்டப்பாதை), பிறகு வீக், ஹோஃப்ன், எகில்ஸ்தாதிர், மீவாட்ன், அகுரேரி என்று தீவைச் சுற்றிவிட்டு, 7, 8வது நாள் மேற்கு ஃபியோர்டுகள் (கடல் உள்ளே நீளும் மலைப் பள்ளத்தாக்குகள்), கடைசி நாள் உள்நாட்டு மலைப்பகுதியான லாண்ட்மன்னலௌகர். கார் சின்ன ஆட்டோமேட்டிக், டூ வீல் டிரைவ். இந்தத் திட்டம் தாங்குமா? கார் இன்ஷூரன்ஸில் எதை எடுக்கணும், எதை விடலாம்? 15 வருஷமா ஓட்டுகிறேன், ஆனால் எல்லாம் இடப்பக்க ஓட்டம்தான். அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது.

வடதிசை:
தாங்காது சார். ரெண்டை வெட்டியே ஆகணும்.

முதலில் லாண்ட்மன்னலௌகர். அங்கே போகும் 'எஃப்' எண் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் ஓட்டுவது சட்டவிரோதம். வாடகை ஒப்பந்தத்திலும் அது தடை. அடுத்தது மேற்கு ஃபியோர்டுகள். மேப்பில் பக்கத்தில் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஃபியோர்டையும் உள்ளே போய் வெளியே வந்து சுற்றணும். அதற்கு மட்டுமே 3, 4 நாள் வேணும்.

தீவைச் சுற்றும் ரிங் ரோடு, அதாவது 1ஆம் எண் சாலை, ஏறக்குறைய 1,320 கிமீ. தார்ச் சாலையில் உச்ச வேகம் 90, சரளையில் 80, ஊருக்குள் 50. நின்று நின்று போனால் சராசரி 60, 65தான் வரும். நான் போடும் வரிசை இது: முதல் இரவு ரேக்யவிக், வேறெதுவும் வேண்டாம். சென்னையிலிருந்து 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து இறங்கிய உடனே கோல்டன் சர்க்கிள் ஓட்டுவது ஆபத்து, அதுவே 230 கிமீக்குக் குறையாது. 2வது நாள் அதை முடித்துவிட்டு செல்ஃபோஸ் பக்கம் தங்கல். 3வது நாள் செல்யலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் ரெண்டும் பார்த்து வீக். 4வது நாள் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வழியாக ஹோஃப்ன், சுமார் 270 கிமீ. 5 எகில்ஸ்தாதிர், 6 மீவாட்ன், 7 அகுரேரி, 8 போர்கார்னெஸ், 9 ரேக்யவிக். அகுரேரி நாளும் கடைசி நாளும் வேணும்னே லேசாக விட்டிருக்கிறேன். புயலில் வீக்கில் ஒரு நாள் மாட்டினால் மீவாட்னையும் அகுரேரியையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். அதனால் 3ஆம் இரவுக்குப் பிறகு எல்லாத் தங்கலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே பிடியுங்கள். செப்டம்பர் ஆரம்பம்தானே என்று நினைக்க வேண்டாம். 2012 செப்டம்பரில் வடக்கே அடித்த பனிப்புயலில் ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகள் பனிக்குள் புதைந்தன.

ஹோஃப்ன் தாண்டி ட்யூபிவோகுர் பக்கம் வரும்போது மேப் உங்களை 939ஆம் எண், ஓக்ஸி கணவாய் வழியாகத் திருப்பும். 60 கிமீ குறையும் என்று காட்டும். அது செங்குத்தான சரளைச் சாலை, மூடுபனி இறங்கினால் ஓரமே தெரியாது. 1ஆம் எண்ணை விடாதீர்கள். ஃபியோர்டுகளை ஒட்டிய அந்த வழிதான் அழகும். டெட்டிஃபோஸ் அருவிக்கு மேற்குக் கரையின் 862 தார்ச் சாலை, கிழக்கின் 864 சரளை. உங்கள் காருக்கு 862.

அகுரேரிக்கு முன்னால் வரும் வாத்லாஹேதி சுரங்கத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் டோல் கேட் கிடையாது. கேமரா நம்பரைப் படிக்கும், நீங்கள் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் கட்டணும். விட்டால் வாடகைக் கம்பெனி சேவைக் கட்டணமும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துவிடும். பணம் கட்ட வேண்டாம் என்றால் 84ஆம் எண் கணவாய் வழி இருக்கிறது.

கியர்பாக்ஸ் அடையார்:
இன்ஷூரன்ஸ் பற்றி. அடிப்படை மோதல் காப்பீடு வாடகையிலேயே வரும், ஆனால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை பெரிது. அதைக் குறைக்கும் கூடுதல் காப்பீட்டை எடுங்கள். கிராவல் (சரளைக்கல் சேத) காப்பீடு கட்டாயம் எடுக்கணும், எதிரே வரும் வண்டி தெறிக்கும் ஒரு கல் போதும் கண்ணாடிக்கு. மணல், எரிமலைச் சாம்பல் காப்பீட்டைப் பலர் தேவையில்லை என்பார்கள். நீங்கள் வீக்கிலிருந்து ஹோஃப்ன் போகும் வழியில் கறுப்பு மணல் வெளிகள் இருக்கின்றன. காற்று ஏறினால் மணல் காரின் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி உரித்துவிடும். எடுங்கள்.

எந்தக் காப்பீடும் பொதுவாகச் சேர்க்காதவை மூன்று: வண்டியின் அடிப்பாகம், ஆற்றைக் கடக்கும்போது ஏறும் தண்ணீர், காற்றில் பிய்யும் கதவு. கடைசிதான் நம்மவர்களுக்கு அதிகம் நடப்பது. வண்டியைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள், அப்போது காற்று கதவை மூடப் பார்க்கும். முதுகு கொடுத்து நிறுத்தினால் கைப்பிடியைத் தொட்டதும் கதவு முன்பக்கம் பறந்து கீல் வளைந்துவிடும், பிறகு மூடாது. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கதவின் மேல் விளிம்பில். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். பையனுக்கு முதல் நாளே இதைப் பழக்குங்கள். அம்மா பக்கத்துக் கதவை நீங்களே இறங்கி வந்து திறப்பது நல்லது.

தினமும் காலையில் வானிலைத் துறையின் வேதுர் தளத்தில் காற்றையும், சாலைத் துறையின் உம்ஃபெர்தின் தளத்தில் சாலை நிலவரத்தையும் பாருங்கள். காற்று மீட்டர்/விநாடி கணக்கில் இருக்கும், 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிமீ என்று வரும். 15 வந்தால் வேகத்தைக் குறையுங்கள், 20 என்றால் 72 கிமீ காற்று, அறையிலேயே இருங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் திடீர் வீச்சின் அளவையும் பாருங்கள், மலையடிவாரங்களில் அதுதான் வண்டியைத் தள்ளும்.

இடது கை ஸ்டியரிங்:
வலப்பக்க ஓட்டத்துக்கு ஒரே ஒரு அடையாளம் போதும் ப்ரோ: அங்கேயும் ஓட்டுநர் உட்காருவது நடுக்கோட்டுப் பக்கம்தான். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் புல் தெரிந்தால் தப்பான பக்கத்தில் போகிறீர்கள். பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதுதான் பழக்கம் மாறிப்போகும், பக்கத்தில் இருப்பவர் "வலம்" என்று சொல்லிவிடட்டும்.

இன்னொன்று. நமக்கு வலப்பக்கம் உட்கார்ந்தே கண் பழகிவிட்டது. இடது இருக்கையில் உட்கார்ந்ததும் வண்டி தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு நழுவும். அங்கே பல இடங்களில் தாருக்கு வெளியே ஓரமே கிடையாது, நேராகச் சரிவு. வலது கண்ணாடியில் வெள்ளைக் கோட்டை அடிக்கடி பாருங்கள். இண்டிகேட்டர் இடக்கையில், வைப்பர் வலக்கையில்.

இரட்டை வழி ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேறும்போது அவருக்கே முன்னுரிமை. இது நம்மூரில் யாரும் சொல்லித் தராதது. 'எயின்பிரேத் ப்ரூ' பலகை என்றால் ஒற்றை வழிப் பாலம், முதலில் வந்தவர் போகலாம், சந்தேகம் என்றால் நின்றுவிடுங்கள். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் பிரேக்கை அங்கே போய் மிதிக்காமல், முன்னாலேயே 50, 60க்கு இறக்குங்கள். வண்டிகள் கவிழ்வது அங்கேதான். தாய் ஆடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி நிச்சயம் குறுக்கே ஓடும். ஹெட்லைட் பகலிலும் எரியணும்.

ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும்.

வேளச்சேரி வழிப்போக்கன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. லாண்ட்மன்னலௌகர், மேற்கு ஃபியோர்டுகள் ரெண்டையும் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். லண்டன் வழி டிக்கெட் மலிவாக இருக்கிறது, தனித்தனி டிக்கெட். எடுக்கலாமா? சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

திருவான்மியூர் மாமி:
தம்பி, லண்டன் தனி டிக்கெட் வேண்டாம். பெட்டியை எடுத்துத் திரும்பப் போட இமிக்ரேஷன் தாண்டணும், அதற்கு ஷெங்கன் விசா (ஐஸ்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) உதவாது, பிரிட்டன் விசா தனியாக வேணும். ஃப்ராங்க்ஃபர்ட், கோபன்ஹேகன் மாதிரி ஷெங்கன் ஊர் வழியாக, ஒரே டிக்கெட்டில் எடுங்கள். விசா ஐஸ்லாந்துக்கே போடணும், பயண இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்து, நாலு இலக்கப் பின் நினைவில் வையுங்கள். ஆளில்லாத பங்குகளில் பின் இல்லாமல் பெட்ரோல் வராது. பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள், எகில்ஸ்தாதிரை விட்டால் மீவாட்ன் வரை 165 கிமீ வெறும் வெளி.

அம்மாவுக்காகச் சமையலறை உள்ள தங்கலாகப் பாருங்கள். போனுஸ், க்ரோனன் கடைகளில் அரிசி, காய், பால், பருப்பு எல்லாம் கிடைக்கும், சின்ன ஊர்களில் கடை சீக்கிரம் மூடும் என்பதால் மாலைக்கு முன் வாங்கிவிடுங்கள். ஸ்கிர் என்பது நம்ம கெட்டித் தயிர் மாதிரி, பால் விட்டுக் கரைத்தால் தயிர் சாதத்துக்குச் சரியாக வரும். சிலவற்றில் ரெனட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்) சேர்ப்பதுண்டு, அம்மா அதிலும் கண்டிப்பு என்றால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சென்னையிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி போதும். புளிக்காய்ச்சலை ரெண்டு கவர் போட்டுப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். குழாய்க் குளிர்ந்த நீரையே குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை வரும், சமையலுக்கும் குளிர்ந்த நீரைப் பிடித்துக் காய்ச்சுங்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோனால் நம்ம மூணு பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேணும். போன் சார்ஜரின் ரெண்டு உருண்டைப் பின் அப்படியே பொருந்தும்.

குடை வேண்டாம், ஒரு நிமிஷத்தில் காற்று திருப்பிவிடும். மழைக்கோட்டும் மழை பேன்ட்டும் எடுங்கள். செல்யலாண்ட்ஸ்ஃபோஸின் பின்னால் நடந்தால் முழுசாக நனைவீர்கள், பாதையும் வழுக்கும், அம்மாவை முன்னால் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீக்கை ஒட்டிய ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் மெரினா மாதிரி கால் நனைக்கப் போகவே கூடாது. கடல் அமைதியாகவே கிடக்கும், திடீரென ஒரு அலை மட்டும் கரையில் வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துப் போகும், அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நுழைவில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது, அது காட்டும் எல்லைக்குள் நில்லுங்கள். படம் எடுக்கவும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், பையன் கையை விடாதீர்கள். அவசர எண் 112.